போதும் என்னும் சொல்

நம் ஊர் விருந்துகளில் நாம் எல்லாரும் கண்டு பழகிய காட்சி ஒன்று உண்டு. இலையின் முன் அமர்ந்திருப்பவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கப் பரிமாறுபவர் குனிகிறார். அமர்ந்திருப்பவர் இலையின்மேல் உள்ளங்கையை விரித்து, "போதும், போதும்" என்கிறார். பரிமாறுபவர் எளிதில் விடுவதில்லை. "கொஞ்சமாவது" என்று வற்புறுத்துகிறார். இருவருக்கும் இடையே சிறியதொரு வழக்கு நடந்து, இறுதியில் அரைக் கரண்டியில் உடன்பாடு ஏற்படுகிறது. 'போதும்' என்னும் அச்சொல் வயிறு நிறைந்துவிட்டது என்பதை மட்டும் தெரிவிப்பதன்று. கொடுப்பவரின் முகம் பார்த்துச் சொல்லப்படும் சொல் அது. 'உமது அன்பினால் நிறைவு பெற்றேன். மீதி, அடுத்த பந்திக்குக் காத்திருப்பவருக்கு ஆகட்டும்' என்னும் பொருளும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இந்தச் சொல் நம் வாழ்விலிருந்து மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டிருக்கிறதோ என்னும் ஐயம் அண்மைக் காலமாக நம்மை வருத்துகிறது. அதனை ஆராய நாம் எடுத்துக்கொண்ட பொருள் வாசகர்களுக்குச் சற்று வியப்பளிக்கக்கூடும். அது ஒரு காப்பிக் கடை. ஸ்டார்பக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். ஆன்ம காரியங்களை எழுத வேண்டிய குருவுக்குக் காப்பிக் கடையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆயின், மனிதரின் நற்பண்புகளும் தீய பழக்கங்களும் பெரும் சோதனைகளின்போது மட்டும் உருவாகின்றவை அல்ல. நாள்தோறும் நாம் கையில் எடுக்கும் குவளையிலும் அவை உருவாகின்றன. 2012ஆம் ஆண்டில் மும்பையிலும், 2014இல் சென்னையிலும் கால்பதித்த அந்நிறுவனம் இன்று இந்தியாவில் மட்டும் 400க்கும் மேற்பட்ட கடைகளை நடத்துகிறது. அதன் பச்சை நிறச் சின்னத்தை நம் பங்குகளின் இளைஞர்கள் நன்கு அறிவார்கள். அச்சின்னம் பொறித்த குவளையைக் கையில் ஏந்தியிருப்பதே ஒரு தகுதி என்று எண்ணுவோரும் உண்டு.

ஒரு கடையின் கதை

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில், மூன்று நண்பர்கள் இக்கடையைத் தொடங்கினார்கள். அன்று அங்கே காப்பி விற்கப்படவில்லை. வறுத்த காப்பிக் கொட்டையே விற்கப்பட்டது. வாங்கியவர்கள் வீட்டுக்குச் சென்று, தங்கள் அடுப்பில், தங்கள் அளவுக்குக் காப்பி போட்டுக் குடித்தார்கள்.

கடைக்கு அவர்கள் சூட்டிய பெயர் சிந்தனைக்குரியது. ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' என்னும் புதினத்தில் வரும் கப்பலின் துணைத் தலைவர் பெயர் ஸ்டார்பக். தன் காலைக் கவ்விச் சென்ற வெண் திமிங்கலத்தைப் பழிவாங்கியே தீருவேன் என்று வெறிகொண்டு கடலெல்லாம் அலைகிறார் கப்பல் தலைவர். அவரிடம், இது தகாது, திரும்பிவிடுவோம் என்று எடுத்துரைக்கும் விவேகி இந்த ஸ்டார்பக்தான். அளவு கடந்த ஆசையின் முன் 'போதும்' என்று சொன்ன ஒருவரின் பெயரே இன்று பேரளவுக் குவளைகளின் பெயராக வழங்குகிறது.

1982இல் ஹாவர்டு ஷூல்ட்ஸ் என்பவர் அந்நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டு இத்தாலியின் மிலான் நகருக்குச் சென்ற அவர், அங்குள்ள காப்பிக் கடைகளைக் கண்டு உள்ளம் கவரப்பட்டார். சிறிய கடை, நின்றபடியே இரண்டு மூன்று மடக்கில் குடித்து முடிக்கும் சிறிய காப்பி, வருகிறவர்களைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கும் கடைக்காரர். இந்த உறவைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் நல்லெண்ணம் அவருக்குள் எழுந்தது. 1987இல் அவர் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். 1992இல் அது பங்குச் சந்தைக்குள் நுழைந்தபோது அதற்கு 200க்கும் குறைவான கடைகளே இருந்தன. இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40,000 கடைகள் இருக்கின்றன.

அந்நிறுவனத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பகுதிநேரப் பணியாளர்களுக்கும் மருத்துவக் காப்புறுதி அளிக்க 1988இலேயே அது முன்வந்தது என்பதை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. மிலான் நகரில் ஷூல்ட்ஸ் கண்டவை இரண்டு: சிறிய குவளை ஒன்று, அதைச் சுற்றி நிகழ்ந்த உறவு மற்றொன்று. இவ்விரண்டில் உறவை மட்டும் எடுத்துக்கொண்டு குவளையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், அந்த உறவு நிலைக்குமா?

சிறியது காணாமற் போன கதை

அக்கடையின் அளவுகளைச் சற்று நோக்குவோம். 'ஷார்ட்', அதாவது குட்டை, என்று ஓர் அளவு உண்டு. அது 8 அவுன்ஸ், ஏறத்தாழ 237 மில்லி லிட்டர். அடுத்தது 12 அவுன்ஸ் கொண்ட 'டால்'. அச்சொல்லுக்கு உயரம் என்று பொருள். 16 அவுன்ஸ் கொண்டது 'கிராண்டே'. இத்தாலிய மொழியில் பெரியது. 20 அவுன்ஸ் கொண்டது 'வென்டி', அம்மொழியில் இருபது. குளிர்பானமாயின் வென்டி 24 அவுன்ஸ் பிடிக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக 2011ஆம் ஆண்டில் 'டிரென்டா' வந்தது. அதன் பொருள் முப்பது; அது கொள்வதோ 31 அவுன்ஸ், ஏறத்தாழ 917 மில்லி லிட்டர். நம் வீட்டு டம்ளரில் ஊற்றினால் ஆறு டம்ளர் வரும். மனிதரின் இரைப்பை சராசரியாகக் கொள்ளும் அளவையே இது விஞ்சுகிறது என்று அந்நாளில் கனடா நாட்டு நாளேடு ஒன்று படம் வரைந்து காட்டியது. பனிக்கட்டி சேர்த்த குளிர்பானங்கள் சிலவற்றுக்கே அது தரப்படுகிறது என்பதும், அதில் பாதி பனிக்கட்டிதான் என்பதும் உண்மையே. ஆயினும் இத்தாலியர் எவரும் ஒரே மூச்சில் குடிக்க நினையாத அளவுக்கு இத்தாலியப் பெயர் சூட்டப்பட்டிருப்பது விந்தையன்றோ! அவர்கள் நாள்தோறும் குடிக்கும் எஸ்பிரஸோ காப்பி ஏறத்தாழ 30 மில்லி லிட்டர்தான். ஒரு டிரென்டா குவளை முப்பது எஸ்பிரஸோக்களை விழுங்கிவிடும்.

நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது மிகப் பெரிய குவளை அன்று. மிகச் சிறிய குவளைக்கு நேர்ந்த கதியே. ஷார்ட் என்னும் சிறிய அளவு இன்றும் கேட்பவர்க்குக் கிடைக்கிறது. ஆயின் அமெரிக்கக் கடைகள் பலவற்றில் விலைப்பலகையில் அதன் பெயர் இல்லை. பலகையைப் பார்ப்பவருக்கு மிகச் சிறிய அளவாகத் தோன்றுவது 'உயரம்' என்னும் பெயருடையது, அடுத்தது 'பெரியது'. சிறியதற்குப் பெயரில்லாத மொழியில் ஒருவர் சிறியதை எப்படிக் கேட்பார்? பெயர் மறைந்தால் எண்ணமும் மறையும். எண்ணம் மறைந்தால் விருப்பமும் மறையும். எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. ஆயினும் சொற்கள் முன்கூட்டியே நம் சார்பில் முடிவெடுத்துவிடுகின்றன.

கப்புச்சினோ என்னும் காப்பிக்கு அப்பெயர் வந்தது, கப்புச்சின் சபைத் துறவியரின் பழுப்பு அங்கியின் நிறத்தை அது ஒத்திருப்பதால். அசிசி நகர் ஐந்துகாயப் பிரான்சிஸின் வறுமையை அணிந்துகொள்ள விரும்பியவர்களின் அங்கி அது. அவர்களுடைய பெயரையும் இன்று 'பெரியது' என்னும் சொல்லோடு சேர்த்தே கேட்டு வாங்குகிறோம்.

மட்டசனம்

நம் முன்னோர் கற்ற பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழும் வரிசையாக வரும். போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியத்தின் பெயர் மட்டசனம். இளம் வயதில் பொருள் அறியாமலே நாம் அதை மனப்பாடம் செய்தோம். மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. அளவோடு உண்பது மட்டசனம். அசனம் என்னும் சொல் நம் தென்மாவட்டப் பங்குகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருவிழாவின்போது ஊரார் அனைவரும் சாதி, வசதி பாராது ஒன்றாக அமர்ந்து உண்ணும் பொது விருந்துக்கு அசனம் என்றே பெயர். எனவே மட்டசனம் என்னும் சொல்லைக் கேட்கும்போது நமக்கு இரண்டு எண்ணங்கள் ஒருங்கே தோன்றுகின்றன. ஒன்று அளவு, மற்றொன்று பலரோடு அமர்தல். இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படும்.

போசனப்பிரியம் என்றால் மிகுதியாக உண்பது என்றே பலர் கருதுகிறோம். திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதற்கு ஐந்து வழிகளைக் காட்டினார். புனித தாமஸ் அக்குவினாஸ் அவற்றை ஏற்று விளக்கினார். நேரத்துக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவுக்கு மேல் உண்பது, பேராவலோடு விழுங்குவது, மிகை நுணுக்கமாகத் தயாரித்தால்தான் உண்பேன் என்பது ஆகியவையே அவை. ஐந்தில் ஒன்றே அளவைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய காப்பிக் கடையில் இன்ன பால், இத்தனை சொட்டு நறுமணப் பாகு, இன்ன சூடு, மேலே இன்ன நுரை என்று நீண்ட பட்டியலிட்டுக் கேட்பவர், சிறிய குவளையே வாங்கினாலும், ஐந்தாம் வழியில் நடக்கக் கூடும். அதே வேளையில், இன்பத்தை முற்றிலும் வெறுத்து ஒதுக்குவதும் ஒரு குறையே என்று அக்குவினாஸ் கற்பிக்கிறார். நல்ல காப்பியைச் சுவைத்துக் குடிப்பது பாவமன்று. படைப்பின் இனிமையை நன்றியோடு ஏற்பது வழிபாட்டின் ஒரு பகுதியே.

அப்படியாயின் அளவை யார் வரையறுப்பது? நியூயார்க் நகரம் இதற்குச் சட்டத்தின் வழியே விடை தேட முயன்றது. உணவகங்களில் சர்க்கரை சேர்த்த பானங்களை 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட குவளைகளில் விற்கக் கூடாது என்று அந்நகரின் சுகாதார வாரியம் 2012இல் விதி வகுத்தது. அது நடைமுறைக்கு வருமுன்பே 2013இல் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2014இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. சட்டம் வகுத்தவர்களின் நோக்கம் மக்களின் நலமே. ஆயினும் 16 அவுன்ஸ் குவளைகள் இரண்டை ஒருவர் வாங்குவதை அந்தச் சட்டமும் தடுத்திருக்க இயலாது. சட்டம் குவளையின் விளிம்பை வரையறுக்கலாம். உள்ளத்தின் விளிம்பை வரையறுக்க அதனால் ஆகாது.

தன்னடக்கம் என்னும் தனிமனித முயற்சியால் மட்டும் இது கைகூடுமா? கூடும் என்று நாமும் நெடுங்காலம் போதித்து வந்தோம். தவக்கால மறையுரைகளில் 'உன்னை நீயே அடக்கு' என்றே சொன்னோம். நம் எண்ணத்தை மாற்றியவர் ஒரு தாய்.

நான்கு குவளைகள்

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில், அமெரிக்க நாட்டுப் பங்கு ஒன்றில் சில வாரங்கள் உதவிப்பணி செய்யும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நம் மறைமாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அவ்வூரில் கணினிப் பணியில் இருந்தார். அவருடைய தாய் அப்போதுதான் முதன்முறையாக மகனைக் காண வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் மகன் எங்கள் இருவரையும் காப்பிக் கடைக்கு அழைத்துச் சென்றார்.

"எனக்குச் சின்னதா ஒரு டம்ளர் போதும்ப்பா" என்றார் தாய். மகன் பலகையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "சின்னதுன்னு இங்க ஒண்ணும் இல்லம்மா." "அப்போ எனக்கு வேண்டாம்" என்று தாய் ஒதுங்கிக்கொண்டார். நாமும் வேண்டாம் என்றோம். மகன் தமக்கென்று இருப்பதிலேயே பெரிய குவளையில் பனிக்கட்டி மிதக்கும் தேநீரை வாங்கி வந்தார். அமர்ந்தவுடன் கைப்பேசியில் ஏதோ அழைப்பு வந்தது, அதில் ஆழ்ந்துவிட்டார். குவளை அவர்முன் வியர்த்துக்கொண்டு நின்றது.

தாய் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின் எழுந்து சென்று, விரல்களால் நான்கு என்று காட்டி, வெற்றுக் குவளைகள் நான்கினைக் கேட்டு வாங்கி வந்தார். மகனின் தேநீரை நான்காகப் பகிர்ந்து ஊற்றத் தொடங்கினார். மகனுக்கு வெட்கமாகிவிட்டது. "அம்மா, இங்க யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்கம்மா." "நீ ஒருத்தனா இம்புட்டையும் குடிப்பே?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஊற்றினார். மகனின் குவளை பாதிக்கு மேல் நிறைந்தபோது, "போதும்மா, போதும்" என்றார் மகன். அடுத்தது நமக்கு. "சாமி, நீங்களும் எடுத்துக்கிடுங்க." மூன்றாவது அவருக்கு. நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த மேசையில் தனியே அமர்ந்திருந்த அமெரிக்க முதியவரிடம் சென்று நீட்டினார்.

அம்முதியவரை நாம் அறிவோம். வந்த நாள்முதல் காலைத் திருப்பலியில் கடைசி இருக்கையில் அவரைக் கண்டுவந்தோம். ஆயின் ஒருநாளும் அவரோடு பேசியதில்லை. அவர் தயங்கினார்; பிறகு வாங்கிக்கொண்டு, தம் நாற்காலியை எங்கள் மேசைப் பக்கம் திருப்பினார். அத்தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. தம் நெஞ்சைத் தொட்டுத் தம் பெயரைச் சொல்லி, அவரை நோக்கிக் கையை நீட்டிக் கேட்டார். முதியவர் தம் பெயரைச் சொன்னார்.

அன்று இரவு நாம் இதைப் பற்றி நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். 31 அவுன்ஸை நான்காகப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 8 அவுன்ஸ் வருகிறது. பலகையிலிருந்து மறைந்துபோன அதே சிறிய அளவு! சட்டமின்றி, அறிவுரையின்றி, அத்தாய் அதை மீட்டெடுத்துவிட்டார். கடைப் பலகையின் முன் 'போதும்' என்று சொல்ல இயலாத மகன், தாயின் கையைப் பார்த்தவுடன் அச்சொல்லைச் சொன்னார். அப்போதுதான் நமக்குத் தெளிவு பிறந்தது. போதும் என்பது தனியே அமர்ந்திருப்பவர் தமக்குத்தாமே விதித்துக்கொள்ளும் கட்டளை அன்று. பரிமாறும் ஒருவரும், காத்திருக்கும் ஒருவரும் கண்முன் இருக்கும்போதுதான் அச்சொல் இயல்பாக வாயில் வருகிறது. மட்டும் அசனமும் ஒரே சொல்லில் இணைந்திருப்பதன் பொருளை நாம் ஐம்பது வயதுக்குமேல் ஓர் அயல்நாட்டுக் கடையில் கற்றுக்கொண்டோம்.

இருக்கை யாருக்கு?

ரே ஓல்டன்பர்க் என்னும் அமெரிக்கச் சமூகவியலார், 1989இல் வெளியிட்ட நூலில் 'மூன்றாம் இடம்' என்னும் கருத்தை விளக்கினார். வீடு முதல் இடம். பணிபுரியும் இடம் இரண்டாவது. இவ்விரண்டுக்கும் வெளியே, உயர்வு தாழ்வின்றி மக்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தேவை என்றார். ஸ்டார்பக்ஸ் நிறுவனம் தன்னை அந்த மூன்றாம் இடம் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. அதன் பண்பாட்டுச் செல்வாக்கின் மறைபொருள் காப்பியின் சுவையில் மட்டும் இல்லை. தனிமையில் வாடும் நகர மனிதர்களுக்கு ஓர் இருக்கையை அது வாக்களித்தது.

அந்த வாக்குறுதி எவ்வளவு கடினமானது என்பதை 2018ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் பிலடெல்பியா நகரிலுள்ள அதன் கடையொன்றில், எதுவும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த கறுப்பின ஆடவர் இருவரைக் காவல்துறையினர் கைதுசெய்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மே மாதத்தில் ஒருநாள் பிற்பகல் அமெரிக்காவிலுள்ள 8,000க்கும் மேற்பட்ட கடைகளை மூடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எவரும் அமரலாம் என்று அறிவித்தது. ஆனால் 2025 ஜனவரியில் வட அமெரிக்கக் கடைகளில் அந்த விதி மாற்றப்பட்டது. வாங்குவோருக்கே இருக்கை என்றாயிற்று. அதே மாதத்தில், உள்ளே அமர்ந்து குடிப்பவர்களுக்குப் பீங்கான் குவளையில் காப்பி தரும் வழக்கம் மீண்டும் கொண்டுவரப்பட்டது. எடுத்துச் செல்லும் குவளைகள் பெருகியதால் அமர்ந்திருப்பவர்கள் குறைந்துபோனதை அந்நிறுவனமே உணர்ந்திருக்கிறது போலும். ஒரு நிறுவனம் செலவுக்கு வழி பார்க்கத்தான் வேண்டும். அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. விருந்தோம்பலை விலைக்கு விற்கப் புகுந்தால் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதே இதிலிருந்து நாம் கற்பது.

இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒருவர் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கொடுத்துச் செல்வார். அந்த இரண்டாவது காப்பியை 'நிறுத்திவைத்த காப்பி' என்பார்கள். கையில் காசில்லாத ஒருவர் பின்னர் வந்து, நிறுத்திவைத்த காப்பி இருக்கிறதா என்று கேட்டுக் குடிப்பார். கொடுத்தவர் யார் என்று குடித்தவருக்குத் தெரியாது. கொடையின் அடக்கத்துக்கும் பெறுபவரின் மானத்துக்கும் அங்கே ஒருசேர இடமிருக்கிறது. அளவில் அது மிகச் சிறிய குவளை. ஆயினும் முகமறியாத ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு மறுப்பும் விடையும்

இங்கே வாசகர் ஒருவர் மறுத்துரைக்கலாம். நம் ஆண்டவரே கானாவூர்த் திருமணத்தில் அளவு பார்க்கவில்லையே! ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் தண்ணீர் கொள்ளும் கற்சாடிகள் ஆறினையும் விளிம்புவரை நிரப்பச் சொல்லித் திராட்சை இரசமாக மாற்றினாரே! இறைவனின் தாராளத்தின் முன் நாம் ஏன் அவுன்ஸ் கணக்குப் பார்க்க வேண்டும்?

நல்ல மறுப்பு. அதற்கான விடை அதே நிகழ்ச்சியில் இருக்கிறது. அந்த இரசம் ஒருவருடைய கைக்குத் தரப்படவில்லை, பந்திக்கு அனுப்பப்பட்டது. குறையைக் கண்டவரும் தமக்காகக் கேட்கவில்லை. ஒரு தாயாக, பிறர் வீட்டின் மானத்துக்காகக் கேட்டார். பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோதும் அவ்வாறே. விண்ணிலிருந்து வந்தது ஏராளம். ஆயின் தலைக்கு ஓர் ஓமர் என்னும் அளவே பங்கு. மறுநாளைக்கென்று சேர்த்துவைத்தது புழுத்துப்போயிற்று. இறைவனின் தாராளம் எல்லையற்றது. அது எல்லாரையும் சென்றடைவதற்காகவே தனித்தனிப் பங்குக்கு அளவு வைக்கப்பட்டது. இறுதி இரா உணவின்போது ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் வைக்கவில்லை. ஒரே கிண்ணத்தை எடுத்து அனைவருக்கும் கொடுத்தார். அடுத்தவருக்கும் தரவேண்டிய கிண்ணத்தில் எவரும் அளவு மீறிப் பருகுவதில்லை.

நம் முற்றம்

பிறர் கடையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். நம் திருமண விருந்துகளில் பரிமாறுவோர் குறைந்து, தட்டை ஏந்தித் தாமே எடுத்துண்ணும் முறை பெருகிவருகிறது. அங்கே 'போதும்' என்று யாரிடம் சொல்வது? தட்டில் குவிந்து, கடைசியில் குப்பையில் விழும் உணவைக் கண்டு நாம் வருந்துகிறோம். ஆனால் பரிமாறும் கை மறைந்துபோனதை யாரும் கவனிப்பதில்லை. திருவிழாக்களிலும், போன ஆண்டைவிடப் பெரிய பந்தல், அடுத்த ஊரைவிடப் பெரிய ஒலிபெருக்கி என்று நாமும் நம் டிரென்டாக்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இருக்கையைப் பற்றியும் கேட்டுக்கொள்வோம். எதுவும் வாங்காமல், எவரும் வந்து அமரக்கூடிய இடமாக இருக்க வேண்டியது கோவில் வளாகம். ஆயின் களவுக்கு அஞ்சித் திருப்பலி முடிந்த கால் மணி நேரத்தில் கதவைப் பூட்டச் சொன்னவர்கள் நாமே. மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்த முதியவர்களை, "நேரமாகிறது" என்று சொல்லி அனுப்பிவைத்ததும் உண்டு. வாங்கினால்தான் இருக்கை என்று நாம் விதி எழுதவில்லை, அவ்வளவே வேறுபாடு.

எனவே வரும் தவக்காலத்தில் நம் பங்கு மக்களிடம் ஓர் எளிய முயற்சியை முன்வைக்க எண்ணியுள்ளோம். காப்பியையோ தேநீரையோ விட்டுவிடும்படி நாம் கேட்கப்போவதில்லை. வாரத்தில் ஒருநாள் அதைத் தனியே குடிக்காமல் இன்னொருவரோடு குடியுங்கள். தெருமுனைத் தேநீர்க் கடையில் உங்களுக்கு ஒன்றும், பெயர் அறியாத ஒருவருக்கு ஒன்றுமாகப் பணம் கொடுங்கள் என்றே கேட்கப்போகிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கு உணவை எடுத்துவைத்துவிட்டு அகலாமல், அருகில் நின்று பரிமாறுங்கள். அவர்கள் 'போதும்' என்று சொல்லக் கேளுங்கள்; நீங்களும் அவர்கள் கையால் பெற்று 'போதும்' என்று சொல்லுங்கள். நம் பங்கிற்கு, ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் கோவில் கதவு நண்பகல்வரை திறந்திருக்கும். மரத்தடியில் சில நாற்காலிகளும் இருக்கும்.

அந்த அமெரிக்கப் பங்கில், மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் நாம் கடைசி இருக்கையை நோக்கிச் சென்றோம். முதியவர் எழுந்து நின்றார். அவருடைய பெயரைச் சொல்லி வாழ்த்தினோம். அப்பெயரை நமக்குத் தெரிவித்தது, அவருடைய மொழியில் ஒரு சொல்லும் அறியாத நம் ஊர்த் தாய் ஒருவர் நீட்டிய குவளை.